எட்டு யூரோ மால்ட் பைக்கு மாற்று: புதுச்சேரி மார்க்கெட்டில் வாங்கிச் சோதித்த துணிகள்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போகலாம். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்க ஒரு பை வைத்திருப்பார்கள், அதற்குக் கடையில் 8 யூரோ கொடுக்கத் தேவையே இல்லை. ஜன்னல் திரைக்கு விற்கிற பாலியஸ்டர் வாயில் (voile) என்கிற மெல்லிய துணி ஒன்றரை மீட்டர் வாங்கி, நல்ல தையல்காரரிடம் கொடுத்தால் இரண்டு பை வரும், ஒரு பை 125 ரூபாய்க்குள் முடிந்துவிடும், வடிகிற வேகத்தில் கடைப் பைக்குக் கொஞ்சமும் குறைவில்லை. அரைக் கிலோவுக்கு மேல் மால்ட் போடாதவர்களுக்குப் பையே வேண்டாம், அதையும் கீழே சொல்கிறேன்.

இது எனக்கு எப்படி வந்தது என்றால், தம்பி லியோனில் இருக்கிறான். எங்கள் முத்தியால்பேட்டையிலேயே எத்தனையோ வீட்டில் ஒருத்தராவது பிரான்சில் இருப்பார், அதில் புதிது ஒன்றும் இல்லை. அங்கே சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம், அவன் நாலு வருடமாகச் செய்கிறான். போன ஆகஸ்டில் லீவுக்கு வந்தபோது அவனுடைய மூன்றாவது பை கிழிந்துபோன கதையைச் சொல்லி வருத்தப்பட்டான். ஒவ்வொரு தடவையும் எட்டு யூரோ, நம் காசுக்கு 700 ரூபாய்க்கு மேல், ஒரு வலைத் துணிப் பைக்கு. "டேய், துணிக்காடா உனக்குப் பஞ்சம், புதுச்சேரிக்காரன்" என்று கேட்டேன். அடுத்த நாளே பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கலால் உரிமம் இல்லாமல் நம் ஊரில் பீர் காய்ச்சக் கூடாது, நாங்களும் காய்ச்சவில்லை. பையைச் சோதிக்க அந்த அளவுக்குப் போகவும் வேண்டாம். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லிதான், நாம் குழந்தைகளுக்குச் செய்கிற கேழ்வரகு மால்ட்டுக்கு அண்ணன் தம்பி முறை. அதை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பாக ஒரு சாறு வரும், வோர்ட் என்கிறார்கள். ஈஸ்ட் போட்டால்தான் அது பீர் ஆகும், போடாதவரை அது வெறும் மால்ட் தண்ணீர். குடிக்கிற மாதிரி வந்த சாற்றையெல்லாம் பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், கேரமல் வாசனையோடு நன்றாகவே இருந்தது.

தம்பி பெட்டியில் கேரமல் மால்ட்டும் வெளிர் மால்ட்டும் கொண்டுவந்திருந்தான். கேரமல் மால்ட்டை ஈரத்தோடே சூடாக்கி, உமிக்குள்ளேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் பிறகு வறுப்பதால், வெறுமனே ஊறவைத்தாலே போதும். ஒவ்வொரு துணிக்கும் ஒரே கணக்கு வைத்துக்கொண்டோம்: அரைக் கிலோ மால்ட், 3 லிட்டர் கேன் தண்ணீர், 68 டிகிரி, 30 நிமிடம். மிக்ஸியில் இரண்டே சுற்று, உமி பிளக்க வேண்டும், மாவாகக் கூடாது. தானியம் தன் எடைக்கு ஏறத்தாழ சமமான தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதனால் இரண்டரை லிட்டர் கிடைத்தால் துணி தன் வேலையைச் செய்தது என்று அர்த்தம்.

முதலில் வீட்டில் இருந்ததை எடுத்தோம். அப்பாவின் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது, அதைக் கிழித்துத்தான் எங்கள் வீட்டில் இட்லித் துணி. செலவு பூஜ்யம். ஆனால் நெசவு நெருக்கம், மால்ட் மாவு இழைகளை அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. கால் மணி நேரம் தொங்கவிட்டும் 2.2 லிட்டர்தான் வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வாசனை. எத்தனை அலசினாலும் சோப்புத் தூள் வாசனை துணிக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, வெந்நீர் பட்டதும் வெளியே வருகிறது, அந்தச் சாற்றைக் கீழேதான் ஊற்றினேன். பழைய வேட்டிதான் இருக்கிறது என்றால் ஆப்பசோடா போட்டு இரண்டு தடவை கொதிக்கவைத்து, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை கொதிக்கவையுங்கள். இரண்டாவது முயற்சியில் அப்படிச் செய்ததும் வாசனை போய்விட்டது, வேகம் மட்டும் மாறவில்லை.

அடுத்தது மல் துணி, மீட்டர் 45 ரூபாய், மருந்துக் கஷாயம் வடிகட்ட எல்லோரும் வாங்குகிற அதே துணி. வெளிநாட்டில் மஸ்லின் பை என்று விற்பதும் ஏறக்குறைய இதுதான். நெசவு தளர்வு, வடிதல் நன்றாக இருந்தது, 2.5 லிட்டர் சரியாக வந்தது. ஆனால் சாறு கலங்கல். எவ்வளவு நேரம் தெளியவிட்டாலும் பால் கலந்த மாதிரியே நின்றது. மால்ட் மாவு இறங்கிவிட்டது என்று தம்பி சொன்னான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் வேறு சொன்னார். அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்கு ஏ.எஃப்.டி. என்றால் தெரியும், கடலூர் சாலையில் 1898-இல் தொடங்கி 2020-இல் இழுத்து மூடிய ஆலை, எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் அந்தச் சங்கொலியில்தான் வளர்ந்தது. அவர் இருந்தது கஞ்சி போடுகிற பிரிவு. தறியில் ஏறுகிற பாவு நூல் இழுபட்டு அறுந்துவிடாமல் இருக்க, நெய்வதற்கு முன்னாலேயே நூலுக்குக் கஞ்சி ஏற்றுவார்கள். அந்தக் கஞ்சி நெய்த துணியில் அப்படியே இருக்கும், கடையில் வாங்கும் புது மல் துணி மொடமொடவென்று நிற்பது அதனால்தான். "புதுத் துணியை அப்படியே போட்டால் உன் தண்ணியிலே மாவு கரையாம என்ன பண்ணும்" என்றார்.

சோதித்துப் பார்த்தேன். மல் துணியில் ஒரு துண்டை வெட்டி, மால்ட் எதுவும் இல்லாமல் வெறும் வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு, ஆறவைத்து, ஒரு தட்டில் எடுத்துக் காயத்துக்குப் போடுகிற பீட்டாடின் ஒரு சொட்டு விட்டேன். அயோடின் மாவுச்சத்தைத் தொட்டால் நீலமாகும், பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் விட்டுப் பார்த்திருப்போம். தட்டில் கருநீலம். பழைய வேட்டித் தண்ணீரில் விட்ட சொட்டு பழுப்பாகவே இருந்தது. ஆக, கலங்கலுக்குக் காரணம் துணி, மால்ட் பாவம் ஒன்றும் செய்யவில்லை.

இதற்கு மேல் அப்பா சொன்னதுதான் எனக்கு இந்த முழு வேலையிலும் ரொம்பப் பிடித்தது. சாயம் ஏற்றுவதற்கு முன் துணியிலிருந்து கஞ்சியை எடுக்க வேண்டும், அதற்கு ஆலைகளில் என்சைம் போடுவார்கள், அந்தக் காலத்தில் அந்த என்சைமை எடுத்ததே பார்லி மால்ட்டிலிருந்துதானாம். மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிற அதே என்சைம்தான் பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் வேண்டியது. தம்பி வாயைப் பிளந்துகொண்டு கேட்டான், நாலு வருடமாக மால்ட்டோடு புழங்குகிறான், அவனுக்கே தெரியாது. உடனே இரண்டு கைப்பிடி வெளிர் மால்ட்டை உடைத்து 65 டிகிரி தண்ணீரில் கலந்து, புது மல் துணியை அதில் ஒரு மணி நேரம் முக்கிவைத்தோம். கேரமல் மால்ட் இதற்கு உதவாது, வறுத்த சூட்டில் அதன் என்சைம் செத்துவிடும், வெளிர் மால்ட்தான் வேண்டும். அப்புறம் துணியை அலசி, மறுபடி வெறும் வெந்நீரில் போட்டு, மறுபடி பீட்டாடின். பழுப்பு. நீலத்தின் சாயலே இல்லை. வெளிர் மால்ட் கையில் இல்லாதவர்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்தாலும் பெரும்பகுதி போய்விடும், பீட்டாடின் சொட்டு விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கஞ்சி போன மல் துணியில் வந்த சாறு கண்ணாடி மாதிரி இல்லாவிட்டாலும் தேன் நிறத்தில் தெளிவாக வந்தது. அரைக் கிலோ, ஒரு கிலோவுக்கு இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் வேண்டாம் என்பேன், நனைந்த பாரத்தில் இழைகள் விலகிவிடுகின்றன. பருத்தி என்பதால் சரியாகக் காயாவிட்டால் கரும்புள்ளியும் விழுகிறது, நம் கடற்கரைக் காற்றில் அதைச் சொல்லவே வேண்டாம்.

கொசுவலை பற்றி எல்லோரும் கேட்பார்கள், மலிவு, எங்கும் கிடைக்கும், கண்ணும் பொடியாக இருக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். இப்போது வருகிற வலைகளில் பலவற்றில் டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், சில வருடம் துவைத்தாலும் போகாதபடி இழையோடு சேர்த்தே ஏற்றுகிற வகையும் உண்டு. பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. மருந்தில்லாத வலை என்று கடைக்காரர் சொன்னாலும், பாலிஎத்திலீன் இழை வெந்நீரில் இளகி பாரத்துக்கு நீண்டுவிடும். 30 ரூபாய் மிச்சம் பிடிக்க வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கிற வலைப் பை ஒன்றும் வாங்கினோம், ஞாயிறு சந்தையில் 3 பை 100 ரூபாய். கண் பெரிது, உடைந்த தானியம் எல்லாம் தண்ணீரில். அதோடு விட்டோம். பெயிண்ட் கடையில் வடிகட்டுகிற நைலான் வலையும் கிடைக்கிறது, அமெரிக்காவில் காய்ச்சுகிறவர்கள் ரொம்ப நாளாக பெயிண்ட் வடிகட்டும் பையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தம்பி சொன்னான், ஆனால் இங்கே கடையில் இருந்த சுருள் பெயிண்ட் தூசியோடு தரையில் கிடந்தது, எனக்கு மனசு வரவில்லை.

ஆன்லைனில் பாதாம் பால் வடிகட்ட விற்கிற நைலான் பை 249 ரூபாய்க்கு வந்தது. தையல் சுத்தம், கயிறு வைத்தது, சமையலுக்கென்றே செய்தது என்பதால் பயமில்லை. சாறு எல்லாவற்றையும்விடத் தெளிவு. ஆனால் கண் ரொம்பப் பொடி, மேலே தூக்கினால் பலூன் மாதிரி தண்ணீரோடு தொங்குகிறது, கையால் பிழிந்தால்தான் இறங்குகிறது, அளவும் அரைக் கிலோவுக்கு மேல் கொள்ளாது. தேங்காய்ப் பால் எடுக்க வைத்துக்கொண்டேன், அதற்கு அருமை.

பிழியலாமா என்பது தனிக் கேள்வி. பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்று தம்பி பயந்துகொண்டே இருந்தான். ஒரே மால்ட்டில் ஒன்றைப் பிழிந்தும் ஒன்றைப் பிழியாமலும் வைத்து, எது எது என்று சொல்லாமல் குடித்துப் பார்த்தோம், எனக்கும் அவனுக்கும் அப்பாவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாவதாகப் பையோடு சேர்த்துக் கொதிக்கவிட்டு எடுத்தேன், அது கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி நாக்கைப் பிடித்துக்கொண்டது. சூடுதான் உமியிலிருந்து துவர்ப்பை இழுக்கிறது. 77 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், பையை எடுத்த பிறகுதான் கொதிக்க வையுங்கள், பிழிவது உங்கள் கை பலம்.

இப்போது வாயில் துணிக்கு வருகிறேன். நேரு வீதிப் பக்கம் திரைச்சீலை விற்கிற கடையில், டிசைன் இல்லாத வெள்ளை, மீட்டர் 110 ரூபாய், அகலம் 122 சென்டிமீட்டர். பருத்தி வாயில் என்று சேலைத் துணியும் காட்டுவார்கள், அது வேண்டாம், முழு பாலியஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள், பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பையில் ஊறவைத்து அப்படியே தூக்கிவிடுகிற முறையை 2000-களில் ஆஸ்திரேலியாக்காரர்கள்தான் பரப்பினார்கள், அவர்களும் இந்த வகைத் திரைத் துணியைத்தான் நம்பியிருக்கிறார்கள். பார்த்தாலே காரணம் தெரியும்: இழை வழுவழு, மாவு ஒட்டாது, தண்ணீர் குடிக்காது, கண் மாவைப் பிடிக்கிற அளவுக்குப் பொடி, சாறை விடுகிற அளவுக்குத் திறப்பு. தூக்கிய ஐந்தே நிமிடத்தில் இரண்டரை லிட்டரும் வந்துவிட்டது. தம்பி கொண்டுவந்திருந்த கிழிந்த கடைப் பையின் நல்ல பகுதியில் கால் கிலோ போட்டு ஒப்பிட்டேன், என் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

வாங்கியதும் நன்றாக அலசிக் கொதிக்கவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டால் மொடமொடப்பாக, பளபளவென்று இருக்கிற ரகமும் அதே கடையில் இருந்தது, அது மேலே ஏதோ பூச்சு போட்டது, அதை நாங்கள் எடுக்கவில்லை.

துணி கிடைத்துவிட்டது, ஆனால் பை கிழிவது துணியில் இல்லை, தையலில். இதை நாங்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் கற்றோம். தம்பி காய்ச்சும்போது 5 கிலோ மால்ட் போடுவான், அது 5 லிட்டர் தண்ணீரையும் குடித்துக்கொண்டால் தூக்குகிற நேரத்தில் 10 கிலோ, அதுவும் சுடச்சுட. எங்கள் தெரு தையல்கார அக்காவிடம் தலையணை உறை மாதிரி தைத்துத் தரச் சொல்லிவிட்டு வந்தேன், அவரும் அப்படியே அடியில் ஒரு தையல், பக்கத்தில் ஒரு தையல் போட்டுக் கொடுத்தார். ஊறவைத்த இட்லி அரிசி எட்டு கிலோ போட்டுக் கிணற்றடியில் தூக்கிப் பார்த்தோம். அடித் தையல் பிரிந்து அரிசி முழுக்கத் தரையில். லியோனில் அடுப்புக்கு மேலே நடந்திருந்தால் அவன் காலில்தான் கொட்டியிருக்கும். தப்பு என்னுடையது, எதற்கு என்று நான் சொல்லவே இல்லை.

திரும்பப் போய் விஷயத்தைச் சொன்னதும் அந்த அக்கா துணியைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் யோசித்தார். "அடியிலே எதுக்குத் தையல்? மடிப்பா வுட்டுடலாமே" என்றார். அதுதான் விஷயம். ஒன்றரை மீட்டர் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் 61 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் மடிப்பு அடியில் வருகிறது, ஆழம் 75 சென்டிமீட்டர், பக்கத்தில் மட்டும் தையல். அடியில் பிரிய எதுவுமே இல்லை. பக்கத் தையலை ஒரு தடவை அடித்து, திருப்பிப் போட்டு, ஓரம் உள்ளே போகிற மாதிரி இரண்டாவது தடவையும் அடித்தார், பாலியஸ்டர் நூலில். வாயில் ஓரம் நூல் நூலாகப் பிரிகிற துணி, ஓரத்தை உள்ளே மூடினால்தான் மால்ட்டில் நூல் கலக்காது. பையின் வாய்ப் பக்கம் கெட்டியான பருத்தி நாடா. இரண்டு பைக்கும் சேர்த்து 80 ரூபாய் கேட்டார், துணி 165, ஆக 245.

தையலுக்குப் போனது போக அகலம் 58 நிற்கிறது, சுற்றளவு 116. தம்பியின் அண்டா வாய் 33 சென்டிமீட்டர், சுற்றளவு 104-க்குக் கொஞ்சம் குறைவு, பை விளிம்பில் மடிந்து தாராளமாக உட்காருகிறது. உங்கள் பாத்திரத்தின் வாயை அளந்து 3.14-ஆல் பெருக்குங்கள், அதைவிடப் பத்து சென்டிமீட்டராவது பையின் சுற்றளவு கூடுதலாக இருக்கட்டும். இறுக்கமான பையில் தானியம் கட்டியாகி நடுவில் தண்ணீரே போகாது, துணியில் மூட்டை கட்டிச் சோறு வேகவைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே எட்டு கிலோ அரிசியோடு இந்தப் பையைத் தூக்கி, கொக்கியில் அரை மணி நேரம் தொங்கவிட்டோம். ஒரு இழைகூட நகரவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பாலியஸ்டர் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும், கொதிக்கிற தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் அடுப்பு எரியும்போது பை பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் கருகிப் பொத்தல் விழும். தம்பியின் முதல் பை போனது அப்படித்தானாம். அடியில் ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போடுங்கள், ஓட்டை இருப்பதால் தண்ணீரும் சுழலும், பையும் அடியைத் தொடாது. லியோன் பெட்டியில் இப்போது அம்மாவின் பழைய இட்லித் தட்டு ஒன்று போயிருக்கிறது.

சரி, பையே வேண்டாம் என்று சொன்னேனே. அரைக் கிலோ மால்ட்தான் என்றால் பாத்திரத்தில் அப்படியே கொட்டி ஊறவைத்து, பொடிக் கண் எவர்சில்வர் சல்லடையில் வடிகட்டி, சல்லடையில் தங்கிய தானியத்தின் மேலேயே முதல் இரண்டு கரண்டிச் சாற்றைத் திரும்ப ஊற்றுங்கள், தானியமே வடிகட்டியாகி மிச்ச மாவைப் பிடித்துக்கொள்ளும். கடைசி அரை டம்ளர் வண்டலைக் கீழே விட்டுவிடலாம். நாங்கள் செய்ததில் செலவே இல்லாமல் நன்றாக வந்தது இதுதான்.

கழுவுவது சுலபம். தானியத்தைச் செடிக்குக் கொட்டி, பையை உள்வெளியாகத் திருப்பிக் குழாயடியில் பிடித்தால் எல்லாம் விழுந்துவிடும், சோப்பு வேண்டாம், வெயிலில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது.

தம்பி லியோனுக்குத் திரும்பியதும் செப்டம்பரில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை காய்ச்சியிருக்கிறான், 5 கிலோ வீதம். பை அப்படியே இருக்கிறது என்று படம் அனுப்பினான், கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது பை இன்னும் பிரிக்காமல் இருக்கிறதாம். அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பக்கத் தையலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவைப் போட உள்ளங்கை அகலத்தில் நாலு சின்னப் பை கேட்டிருக்கிறான். ஹாப்ஸ் தூள் தூளாக உதிரும், அதற்கு வாயிலின் கண் போதுமா, பாதாம் பால் பையின் துணி வேண்டுமா என்று பார்க்க வேண்டும், திங்கட்கிழமை இரண்டிலும் ஒவ்வொன்று தைக்கக் கொடுக்கப் போகிறேன்.